படலையில் ஊற்றிய தண்ணீர்

அம்மா,

இன்று மத்தியானம் வேலிப் படலைப் பக்கமிருந்து மண்வாசனை வந்தது. மழை பெய்து மாதங்களாகின்றன. கிணற்றில் அடிக்கல் தெரிகிறது. எழுந்துபோய்ப் பார்த்தேன். படலைக்கு வெளியே, அதே இடத்தில், ஒரு செம்புத் தண்ணீர் அளவுக்கு மண் நனைந்திருந்தது. ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. நாய் எழுந்து நின்றது, ஆனால் குரைக்கவில்லை. இதை உங்களிடம்தான் கேட்கவேண்டும், எனக்கு வேறு ஆளில்லை.

அப்பா தோணியில் பர்மாவுக்குப் போய்வந்துகொண்டு எங்களை மறந்துபோன காலத்தில், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்குப் போட நெல்லியடியிலிருந்து பருத்தித்துறைக் கோட்டுக்கு நடந்தீர்கள். "எனக்கு ஒரு சதமும் வேண்டாம் ஐயா. பிள்ளைக்குச் சாப்பாடு வேணும்" என்றீர்களாம். அப்பா எனக்கு மாதம் ஐந்து ரூபாய் கட்டவேண்டுமென்று நீதவான் தாபரிப்புப் போட்டார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கூட்டிக் கேட்கப் போனீர்கள். அன்று நானும் பக்கத்தில் நின்றேன். "பிள்ளை வளருது ஐயா. காசு மட்டும் போட்ட இடத்திலை நிக்குது" என்றபோது நீதவானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது எட்டு ரூபாயானது.

கொஞ்சக் காலம் ஒழுங்காக வந்தது, பிறகு நின்றது. நீங்கள் விடுகிற ஆளா? அவரைப் பிடிக்கச் சொல்லிப் பிடிவிறாந்து எடுத்தீர்கள். கட்டாவிட்டால் மறியலில் போடுவார்கள். பொலிஸ்காரர் அப்பாவின் ஊரான வல்வெட்டித்துறைக்குப் போவதற்கு முன்பே அப்பாவின் தமையன், பெரியப்பா, எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி கடலோடை போயிட்டான், பிள்ளை."

உடல் கிடைக்கவில்லை என்று தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அப்பாவின் பச்சைக்கரைச் சால்வையைப் போர்த்து எரித்தார்கள். எட்டாம் நாள் படையலும் முடிந்தது. பெரியப்பா கோட்டில் சத்தியம் செய்தார். செத்தவருக்குக் கட்டளை இல்லையென்று வழக்கை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் அழவில்லை. "ஆளை எரிச்சவையோ, வழக்கை எரிச்சவையோ, ஆர் கண்டது" என்றீர்கள். அதன்பிறகு எங்களுக்கு ஒருநேரக் கஞ்சிதான். எனக்குப் பசிக்கிறது என்றால் உங்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் என்மேல் இல்லையென்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த சித்திரை வெயிலில், பெட்டி இழைக்க நீங்கள் ஓலை கிழித்துக்கொண்டிருந்தபோது, படலைக்கு அப்பால் ஒருவர் நின்றார். தோளில் பச்சைக்கரைச் சால்வை. அது எரிந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

"கொஞ்சம் தண்ணி தாறியே?"

நீங்கள் செம்பில் கொண்டுபோனீர்கள். அவர் இரண்டு கையையும் ஏந்தினார். கையில் வார்க்காமல் அவர் காலடி மண்ணில் ஊற்றினீர்கள், எட்டாம் நாள் செத்தவருக்கென்று படையலுக்கு முன்னால் ஊற்றியதுபோல.

"நான் உயிரோடை இருக்கிறன்" என்றார்.

"அப்ப கோட்டிலை வந்து சொல்லுங்கோ."

அவர் நனைந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒழுங்கையில் இறங்கி நடந்தார். எதிர்வளவில் வேலி அடைத்துக்கொண்டிருந்த மாமி, தான் ஒருவரையும் காணவில்லை என்றார். கோட்டுக்கும் எவரும் வரவில்லை. "அவர் உயிரோடையே வந்தவர்?" என்று எத்தனையோ தரம் உங்களைக் கேட்டிருக்கிறேன். "அதை அவரல்லோ சொல்லவேணும்" என்பீர்கள்.

பெட்டி இழைத்தே என்னை ஆளாக்கினீர்கள். தாபரிப்புக் கேட்கிற வயது எனக்கு எப்போதோ கடந்துவிட்டது. என் மகளே பள்ளிக்கூடம் போகிறாள். நீங்கள் இல்லாத முதல் சித்திரை இது. அங்கே அவரைக் கண்டீர்களா அம்மா? காணவில்லையென்றால் அவர் இன்னும் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார். கண்டிருந்தால், இன்று படலையில் அவருக்கு முன்னால் செம்போடு நின்றது நீங்கள்தான். இரண்டையும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்க நான் நினைக்கவில்லை. "கோட்டிலை வந்து சொல்லுங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. என் வாயிலிருந்துதான் வந்தது.

அடுப்படியிலிருந்து மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, அம்மம்மா ஆரோடை கதைக்கிறா?"