பெட்டிமேல் உட்கார்ந்த இக்பாலுக்கு

நெல்லிவாசல்நாடு,
1968, ஐப்பசி.

சென்னை பெரியமேட்டில் தோல் மண்டியில் இருக்கும் அன்பு மகன் இக்பாலுக்கு, காசியின் அப்பன் சின்னக்குழந்தை சொல்லச் சொல்ல, மருமகள் அம்சவல்லி எழுதும் கடிதம். நானும் அவளும் இரண்டு மாடுகளும் சுகம். உன் வீட்டில் சகிலாவும் குழந்தைகளும் சுகமாக இருக்கவேண்டும்.

நயா பைசா வந்து சந்தையில் எல்லோரும் விழித்துக்கொண்டு நின்ற வருஷம். ஆடியில் வால் நட்சத்திரம் தெரிந்தது. மலையாட்கள் பலர் சாத்தனூர் அணைக்கு மண் சுமக்கப் போயிருந்தார்கள். எனக்கு வருஷம் இப்படித்தான் நினைவிருக்கும். அந்த வருஷம்தான் காசி வாணியம்பாடியில் காலேஜ் சேர்ந்தான். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு படிக்க இறங்கிய முதல் ஆள் அவன்.

போன மாதம் தோல் லாரி கவிழ்ந்து, காலேஜில் உங்களோடு ஒரே அறையில் இருந்த ஜப்பார் போய்விட்டான் என்று ஆலங்காயம் சந்தையில் கேட்டு ஓடினேன். அடக்கம் முடிந்திருந்தது. நீயும் வந்து போய்விட்டாயாம். வாணியம்பாடி வரை வந்தவன் எங்களைப் பார்க்க ஆலங்காயம் பஸ் ஏறவில்லை. காசி செத்து அவனை எடுத்த அன்று நான் சொன்ன வார்த்தைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

காசிக்குச் செருப்புப் போட்டு நடந்து பழக்கமில்லை. வெறுங்காலோடு போனால் காட்டுக்காரன் வருகிறான் என்று வகுப்பில் சிரித்தார்களாம். ஜப்பார் வீட்டில் தோல் பதனிடும் ஷாப்பே வைத்திருந்தார்கள். ஒரு ஜோடி கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நீங்கள் இருவரும் உங்கள் செருப்பை அறையில் விட்டுவிட்டு, ஒரு வாரம் அவனோடு வெறுங்காலில் நடந்தீர்கள். தோல் ஷாப்புக்காரர் மகனே அப்படி வந்தால் யார் சிரிப்பது? முள் குத்தி ஜப்பார் நொண்டியதைக் காசி நடித்துக் காட்டுவான். இங்கிலீஷ் பாடத்தை நீ தினமும் தமிழில் சொல்லிக்கொடுத்தாய் என்பான். அதில் பாதி தப்பு என்று பரீட்சையில்தான் தெரிந்ததாம்.

அப்படியும் அவனுக்கு அங்கே ஒட்டவில்லை. கார்த்திகையில், வந்து அழைத்துப் போகும்படி ஆள்மூலம் சொல்லி அனுப்பினான். சாமை அறுத்த நேரம். புதுச்சாமையை மூத்த மகன் ஒரு கை அள்ளித் தரவேண்டும். அதைச் சாமிக்குப் படைக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்கக்கூடாது. காலேஜில் விடமாட்டோம் என்றால் அங்கேயே அவன் கையால் வாங்கி வந்துவிடலாம் என்று, ஒரு படி சாமையைத் துணியில் முடிந்துகொண்டு வந்தேன்.

அறையில் காசி பெட்டி கட்டி வைத்திருந்தான். அதன்மேல் நீ உட்கார்ந்திருந்தாய். அப்போதே நீ நல்ல கனம்.

“நைனா, பொட்டியோட என்னியும் தூக்குங்க. தூக்கிட்டீங்கன்னா காசிய இட்டுனு போங்க” என்றாய். அதட்டினேன், கெஞ்சினேன். நீ இறங்கவில்லை.

கோபத்தோடு கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். அதற்குள் ஜப்பார், வந்தவர் கொண்டுவந்த பண்டம்தானே என்று முடிச்சை அவிழ்த்து, அத்தனை சாமையையும் பொங்கிவிட்டான். சாமி பார்க்காத சாமை. அது படையலுக்கு வைத்தது என்று காசி சொன்னான். விஷயம் தெரிந்ததும் ஜப்பார் கரண்டியோடு அப்படியே நின்றான். நீ மட்டும் பெட்டியைவிட்டு அசையாமல், “பசியோட வந்தவரு துன்னா உங்க சாமி கோச்சிக்குமா நைனா?” என்று கேட்டாய்.

விடியலில் மலை இறங்கிய பசி. உட்கார்ந்துவிட்டேன். நீயும் இறங்கி வந்தாய். நாலு பேருக்கும் ஒரே சட்டி. காசி முதல் பிடியை எடுத்து என் கையில் வைத்தான். மகன் கை அள்ளித் தந்தாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜப்பார் மட்டும் பயந்து பயந்து தின்றான். அவனைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். பிறகு அவனும் சிரித்தான். காசி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தனியாகத்தான் மலையேறினேன். அந்தச் சாமையைத் தின்றதை யாரிடமும் சொன்னதில்லை. அம்சவல்லி இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

ஆலங்காயத்தில் வாத்தியாராக இருந்தபோது பெரியம்மை கண்டு அவன் போய்விட்டான். நீ ஓடி வந்தாய். ஊர் பார்க்க உன்னிடம், “நீ அன்னிக்குப் பொட்டிமேல குந்தாம இருந்திருந்தா எம் புள்ள மலையிலயே உசுரோட இருந்திருப்பான்” என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிப் போனாய்.

அந்த வரியை எழுதவேண்டாம் மாமா என்றாள் இவள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றேன். சொன்ன வாய்தான் தப்பு என்றும் சொல்லவேண்டும். தப்பு, இக்பால். வாத்தியாராகி வந்து அவன் முதலில் எழுத்து சொல்லிக்கொடுத்தது இவளுக்கு. நீ அன்று பெட்டியைவிட்டு எழுந்திருந்தால், என் பேச்சைக் காகிதத்தில் வைக்க இந்த வீட்டில் ஆளே இருந்திருக்காது. அவன் படித்த நாலு வருஷமும் உங்கள் இருவரால் நடந்தது. இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டு வருஷமாகப் புதுச்சாமை குதிரில் கிடக்கிறது. அள்ளித் தர மகன் இல்லாமல் கேழ்வரகைத் தின்று காலம் தள்ளுகிறோம். பங்காளி வந்து தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். கார்த்திகை முதல் செவ்வாய்க்கு நீ வா. சாமி முன்னால் நிற்கவேண்டாம், உங்கள் மார்க்கத்துக்கு ஆகாததை நான் கேட்கமாட்டேன். களத்தில் ஒரு கை அள்ளி என் துண்டில் போடு. படைப்பது என் வேலை. பாதை முழுக்கக் கல். செருப்பைப் போட்டுக்கொண்டே ஏறு.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வருஷம் இருக்கவேண்டும். கீழே என் கைநாட்டு. அந்தச் சட்டியில் கை வைத்த என் பிள்ளைகளில் காசி போனான், ஜப்பார் போனான். இருப்பது இக்பால்.