அப்பா எடுத்து வைத்த சிவப்பு உறைகள்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். டப்ளினில் குளிர்தான் அதிகம்.

நீங்கள் அனுப்பிய சிவப்பு உறைகள் பார்சலில் வந்து சேர்ந்தன. பிரிக்கும்போது கீழ்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இத்தனை காதல் கடிதமா?" என்று கிண்டல் செய்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

நம் சீனப் புத்தாண்டுக்கு நான் ஈப்போ வீட்டுக்கு வராத ஒவ்வொரு வருடமும் அப்பா எனக்கென்று ஓர் உறையில் பணம் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கல்யாணமானால் உறை கிடைக்காது, கொடுக்கத்தான் வேண்டும் என்று பெரியம்மா சொன்னதும் சிறுவயதில் நான் அழுதேனே, நினைவிருக்கிறதா?

"எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா!"

"அப்போ கிழவியானாலும் வந்து கையை நீட்டுவியாடி?"

நீட்டுவேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கல்யாணமும் ஆகவில்லை, கையை நீட்டவும் வரவில்லை.

உறைகளை இன்னும் பிரிக்கவில்லை. கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது என்பீர்களே. மேசையில் அப்பா படம் இருக்கிறது.

முடிந்தால் கொஞ்சம் காய்ந்த இறால் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் வாசனையே இல்லை.

அப்பா போன துக்க வருடம் இது, நம் வீட்டில் சிவப்பு உறை கிடையாது. அடுத்த புத்தாண்டுக்கு எனக்கும் ஒன்று வையுங்கள். அதை மட்டும் தபாலில் அனுப்பாதீர்கள், அம்மா. நானே வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சியூ ஃபோங்