ஊசி உடைந்தால் சொல்ல வேண்டும்

நல்லூர், திருப்பூர்
12.3.1992

மரியாதைக்குரிய மாமாவுக்கு, நஞ்சம்மாள் வணங்கி எழுதுவது. நம் குழந்தைகள் சுகம். பம்பாய்ச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ என்னவோ. இனி எழுதுவதைப் பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பிய குழந்தை பனியனில் ஊசி முனையை விட்டது எவன் என்று கண்டுபிடித்துத் தோலை உரிக்கச் சொல்லி போனில் சொன்னீர்களாம். உங்கள் தம்பி கிட்டுசாமி அப்படியே செய்தார். திங்கட்கிழமை டெய்லர் நூருல்லாவை எல்லோர் முன்னாலும் மெஷின் பெல்ட்டால் விளாசினார். என் ஊசி இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல, அவன் கையை இழுத்து ஊசிக்கடியில் வைத்து பெடலை மிதித்துவிட்டார். ஊசி விரலுக்குள்ளேயே முறிந்தது. தைத்து வைத்த பீஸெல்லாம் ரத்தம். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்கிறார் டாக்டர்.

அவன் பெண்டாட்டி சைதுன்னிசாவும் நம் கம்பெனியில்தான் தைக்கிறாள். அவளிடம் கேட்டேன், உண்மையில் யார் ஊசி அது என்று.

"ஊசி உடைஞ்சுதுன்னு சொன்னா அடி விழுகுதுங்கம்மா. அதனால சொந்தக் காசுல கடையில வாங்கி மாட்டிக்கறமுங்க. ஒடஞ்ச துண்டைக் குனிஞ்சு தேடுனா மாட்டிக்குவோம்னு தேடறதில்லீங்க. எல்லாருமே ஒளிச்சமுங்க. யாருதுன்னு எப்படிங்க சொல்றது?"

முன்பெல்லாம் உடைந்த துண்டுகளைப் பொருத்திக் காட்டிவிட்டுத்தான் புது ஊசி வாங்கிப் போவார்கள். தம்பி பெல்ட்டைக் கையில் எடுத்த பிறகு ஒருவரும் வருவதில்லை. ஊசிச் செலவு குறைந்துவிட்டது, தம்பி கெட்டிக்காரன் என்று நீங்கள்கூட மெச்சினீர்கள். அந்த மிச்சம்தான் இப்போது மொத்தச் சரக்கையும் விழுங்கிவிட்டது.

இனி யாரையும் அடிக்க விடமாட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்கள். நீங்கள் பம்பாயில் உட்கார்ந்து பையருக்கு வாக்குக் கொடுக்கும் சரக்கிலும் துண்டுகள் இருக்கின்றன மாமா. தூத்துக்குடி லாரியை நிறுத்தி, கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டேன். கோபித்தாலும் சரி, சரக்கு தாமதமாகும் என்று பையரிடம் சொல்லிவிடுங்கள்.

லாரியை நிறுத்தியதும் தம்பி என் தலைமுடியைப் பிடித்துத் தூணில் மோதினார். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, பயப்படாதீர்கள். தையல்காரப் பெண்கள் கத்தரிக்கோலும் கையுமாக வந்து சுற்றி நின்ற பிறகுதான் கையை எடுத்தார். கோபித்துக்கொண்டு தாராபுரம் போய்விட்டார். கேட் சாவி என்னிடம் இருக்கிறது. அவரை இனி உள்ளே விடுவதாக இல்லை.

உங்கள் கோபம் எனக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் லாரியை நிறுத்தியதற்கு என்னை அடிக்காமல் விடமாட்டீர்கள். நேராக கம்பெனிக்கு வராமல் முதலில் ஊட்டுக்கு வாருங்கள். அடிப்பதானால் கதவைச் சாத்திவிட்டு அடியுங்கள். கம்பெனியில் வைத்து மட்டும் வேண்டாம். அவர்கள் பார்த்தால் மறுபடியும் ஒளிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
நஞ்சம்மாள்