ஆறு வருஷத்துக்கு நான் வரமாட்டேன்

உப்பளம் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாகத் தொங்கும் என் வீட்டுக்காரருக்கு, பாசமும் குறையாமல் கோபமும் குறையாமல் தனம் எழுதுவது.

நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நம் கமலாவின் மகள் செல்வி பி.ஏ. முடித்துவிட்டாள். கமலாவை எட்டாவதோடு நிறுத்தியது நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

இப்போது செல்விக்கு மெட்ராசில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. டாக்டர் படிப்பு இல்லை, வக்கீல் படிப்பும் இல்லை. எந்த இனத்துச் சனம் எந்தச் சீமைக்குப் பிழைக்கப் போனது, அதில் பெண்பிள்ளைகள் பாடு என்ன ஆயிற்று என்று ஆராய்கிற படிப்பாம். ரெண்டு வருஷத்துக்கு ஹாஸ்டலோடு சேர்த்து ஆறாயிரம் ரூபாய்.

மாப்பிள்ளை குதித்தார். "பொம்பளைங்க பாடு தெரிஞ்சிக்க மெட்ராசுக்கு எதுக்குப் போவணும்? தெருக்குழாயாண்ட குடத்தோட நின்னா ஒரு மணி நேரத்துல எல்லாம் தெரிஞ்சிடும்! டைப்பிங் கத்துக்கிட்டா ஆறே மாசத்துல கம்பெனில நானூறு ரூபா சம்பளம். இதப் படிச்சா என்னா வேலை கெடைக்கும், சொல்லு?"

"காலேஜ்ல சொல்லிக்குடுக்கற வேலை கெடைக்கலாம்ப்பா. கெடைக்காமலும் போவலாம்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவள். சொல்லவில்லை.

மூன்றாவது வரைக்கும் படித்த நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் டைப்பிங்தான் ஜெயித்தது. கடன் வாங்க வேண்டியது இப்போதே நிச்சயம், சம்பளம் என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றுதான் சொல்ல இருந்தேன்.

மறுநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். செல்வி கேட்டாள்: "ஆயா, தாத்தா சைகோன்ல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தப்ப மூணு வருஷம் பணமே வரலியாமே? நீ என்னா பண்ணே?"

"யாரு சொன்னா?"

"அம்மா."

"அவளுக்கு அப்ப மூணு வயசு. அவளுக்கு என்னா தெரியும்?" என்று ஆரம்பித்தேன். கீரை ஆய்ந்து முடிந்தும் நான் முடிக்கவில்லை. இட்லி சுட்டு விற்றது, காதுத் தோட்டை விற்றது, உங்கள் அண்ணன் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது எல்லாம் சொன்னேன். கடைசியில் உங்கள் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்த போட்டோவையும் சொன்னேன். ஆமாம், நீங்களும் அந்த ஊர்ப் பொம்பளையும் ஜோடியாக நிற்கிற போட்டோ. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினீர்கள், இல்லையா?

செல்வி உங்களைத் திட்டவில்லை. "தாத்தா திரும்பி வந்ததுக்கு அப்புறம் அந்தம்மா என்னா ஆயா பண்ணாங்க? அவங்களுக்குப் பணம் அனுப்பிச்சாரா?" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பொம்பளையைத் திட்டியிருக்கிறேன். அவள் என்ன தின்று உயிரோடு இருந்தாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீங்களாவது யோசித்தீர்களா? இதைக் கேட்கத்தான் அந்தப் படிப்பு என்றால் இந்தக் குட்டி போய்ப் படிக்கட்டும் என்று தோன்றியது. டைப்பிங் ஜெயித்தது ஜெயித்ததுதான். இருந்தாலும் போகட்டும்.

கடன் கேட்க நெல்லித்தோப்புக்குப் போனேன். உங்கள் பட்டாளத்துக் கூட்டாளி சிங்காரம் இப்போது கடன் கொடுக்கிறார். உங்கள் பேரில் எனக்கு வருகிற பிரெஞ்சு பென்ஷனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முந்நூறு ரூபாய் கட்டுவதாகச் சொன்னேன். அசலுக்கு இருபது தவணை, வட்டிக்கு நாலு. ஆறு வருஷம்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. உங்களுக்கு வயசு அறுவத்திரண்டு. நடுவுல நீங்க போயிட்டா பென்ஷன் நின்னுடும். கடன் நோட்டுல பேத்தி பேரையும் சேத்துடுங்க."

"அது படிக்கப் போற புள்ள. அது கழுத்துல கடனைக் கட்ட மாட்டேன். நோட்டு என் பேர்லதான்."

"அப்ப நீங்க போயிட்டா?"

"போவ மாட்டேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் தம்பி, சைகோன்ல அந்த ஜோடி போட்டோவ எடுத்தது நீதான? பின்னால உன் கையெழுத்து இருக்குதே. ஊருக்கு வந்து என் கையால மீன்குழம்பு தின்னுட்டு, 'அண்ணன் தங்கம், அண்ணி'ன்னு சொல்லிட்டுப் போனியே, ஞாபகம் இருக்குதா?"

உள்ளே அவர் பெண்சாதி காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சிங்காரம் நோட்டை என் பக்கம் தள்ளி, "உங்க பேர்லயே கையெழுத்துப் போடுங்க" என்றார். கடைசித் தவணையில் பாதியைத் தள்ளுபடியும் செய்தார். அதற்காக அவரை மன்னித்துவிடவில்லை.

நேற்று செல்வியை பஸ் ஏற்றிவிட்டோம். மாப்பிள்ளை முறைத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிவந்தார். வேலை கிடைக்குமா? தெரியாது. கிடைக்காமல் போனாலும் அவள் யாருக்கும் கடன்காரி இல்லை.

ஆகையால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் பிரெஞ்சு ஆபீசுக்குப் போய், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் பென்ஷன் வரும். தவறாமல் போவேன். முட்டிவலி வந்தாலும் ரிக்‌ஷாவில் போவேன். கடைசித் தவணை கட்டுகிற வரைக்கும் உங்களிடம் வரமாட்டேன், இது சத்தியம். கனவில் வந்து கூப்பிடாதீர்கள். மூன்று வருஷம் நான் காத்திருந்தேன். நீங்கள் ஆறு வருஷம் காத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி, செல்வியின் ஆயா,
தனம்