நான் எழுதாமல் விட்ட அசிஸ்ட்

இன்று காலை டீ நேரத்தில், மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலைக் கேன்டீனில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று நடந்த அனைத்துலக ஆண்கள் கூடைப்பந்து ஆட்டத்தின் புள்ளிவிவரம் வந்திருந்தது. யார் எத்தனை நிமிடம் ஆடினான், எத்தனை புள்ளி எடுத்தான் என்று பெயருக்கு நேராக எண்கள். என் கண் எப்போதும் அசிஸ்ட் என்ற கட்டத்துக்குத்தான் முதலில் போகும். ஒருவன் கொடுத்த பந்தை வாங்கி இன்னொருவன் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவன் பெயரில் விழும் எண் அது. பட்டியலின் அடியில் ஒருவன் இருந்தான். சில நிமிடங்களே ஆடியவன். எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். அவன் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் டீயைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தோம். டவுன் இடைநிலைப்பள்ளியின் கூடைப்பந்து அணியில் மற்றவர்கள் எல்லாரும் சீனர்கள். நாம் இரண்டு பேர் மட்டும் தமிழர்கள். முதலில் சேர்ந்தவன் நான். பள்ளி பஸ்ஸைத் தவறவிடுவோம் என்று பயந்த உன்னைக் கையைப் பிடித்துக் கோர்ட்டுக்கு இழுத்துப் போனவனும் நான்தான். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும், ஆளை ஏமாற்றித் திரும்பவும் எனக்கு நன்றாக வரும். உனக்கு உயரம் வந்தது. பதினாறு வயதில் நான் நின்றுவிட்டேன். நீ வளர்ந்துகொண்டே போனாய்.

மாநில அணி வரை சேர்ந்தே போனோம். தேசிய அணித் தேர்வுக்கும் ஒரே பஸ்ஸில் கோலாலம்பூர் போனோம். பட்டியலை ஒட்டியபோது உன் பெயர் இருந்தது, நம்மோடு பள்ளியில் ஆடிய ஆ ஹோக்கின் பெயர் இருந்தது. என் பெயரைத் தேடி நான் மூன்று முறை மேலிருந்து கீழே படித்தேன். நீ என் தோளில் கை வைத்து, "அடுத்த தடவை உனக்கும் வரும்டா" என்றாய். தேர்வாகாததைவிட அந்த ஆறுதல்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

நாட்டின் பெயர் போட்ட உன் சட்டையை உன் அம்மா துவைத்து, வாசல் கொடியில் ரோட்டைப் பார்த்த மாதிரி காயப்போடுவார்கள். நான் கோயில் பக்கமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் என் அம்மா கேட்டார்: "ஏன்டா, உனக்கு எப்ப அந்த மாதிரி சட்டை குடுப்பாங்க?" வெள்ளந்தியாகக் கேட்டதுதான். அன்று நான் சாப்பிடவில்லை.

ஆட முடியாதவன் எண்ணவாவது செய்யலாம் என்று பயிற்சி எடுத்து, கோர்ட் ஓரத்து மேசையில் உட்கார்ந்து புள்ளிவிவரம் எழுதத் தொடங்கினேன். அப்படித்தான், வெளிநாட்டு அணி ஒன்று மலாக்காவுக்கு வந்து ஆடிய அன்று, நம் நாட்டு அணியின் எண்களை எழுதும் வேலை எனக்கு வந்தது. எஸ்டேட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் உன்னைப் பார்க்க வந்திருந்தார்கள். நீ முக்கால்வாசி நேரம் பெஞ்சில்தான் இருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

கடைசிக் கால் பகுதியில் உன்னை இறக்கினார்கள். வந்த வேகத்தில் ஒரு ஃபவுல் செய்தாய், எழுதினேன். பிறகு வலது மூலையில் பந்து உன் கைக்கு வந்தது. இரண்டு பேர் உன் மேல் பாய்ந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலாகப் பந்து பறந்து, கூடைக்கு அடியில் நின்ற ஆ ஹோக்கிடம் போனது. அவன் அப்படியே போட்டான். வேனில் வந்தவர்கள் எழுந்து உன் பெயரைக் கத்தினார்கள். பென்சில் என் கையில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர், "அசிஸ்டா?" என்று கேட்டார்.

"இல்ல. கை தவறிப் போன பந்து" என்றேன்.

ஆட்டம் முடிந்து கழுத்தில் துண்டோடு நேராக மேசைக்கு வந்தாய். "மச்சான், என் பேர்ல ஒன்னு இருக்கணுமே?"

"எது?"

"ஆ ஹோக்குக்குக் குடுத்தேனே."

"அது வராதுடா. ரூல் அப்படி."

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். ஒரு ஃபவுல், மற்றதெல்லாம் பூஜ்யம். "சரிலா, எழுதறவன் நீதானே" என்று சிரித்துவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு உன்னை அணிக்குக் கூப்பிடவே இல்லை. செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய். கல்யாண வீடுகளில் யாராவது, "நாட்டுக்கு ஆடினீங்களாமே, எத்தனை கோல் போட்டீங்க?" என்று கேட்பார்கள். "ஒன்னும் போடலலா, சும்மா ஓடினேன்" என்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போதும் அந்தச் சட்டை உன்னிடம்தானே இருந்தது.

சிறுநீரகம் பழுதாகி நீ படுத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. ஒரு மத்தியானம், உன் மனைவி சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். "அன்னைக்கு அது அசிஸ்ட்தான்டா. வேணும்னேதான் எழுதல. பொறாமை."

நீ கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாய். பிறகு உன் வயிறு குலுங்கியது. "போடா பைத்தியம். நான் ரிங்குக்குல்ல எறிஞ்சேன். ரிங்கத் தொடாம அவன் கையில போய் விழுந்துச்சு."

"அப்ப ஏன்டா வந்து கேட்ட?"

"கிடைச்சா லாபம்னு கேட்டேன். நியாயமாப் பார்த்தா நீ எனக்கு ஒரு மிஸ்ஸுல்ல எழுதியிருக்கணும்? அதையும் விட்டுட்ட. நல்லதுதான் செஞ்சிருக்க."

நானும் சிரித்தேன். எத்தனையோ வருடத்து அழுக்கு ஒரே நிமிடத்தில் கரைந்த மாதிரி இருந்தது. வீடு போகும் வழியில் காரை நிறுத்தி, இரண்டு தோசை சாப்பிட்டேன். பதினோரு நாள் கழித்து நீ போய்விட்டாய்.

உன் காரியத்துக்கு ஆ ஹோக் வந்திருந்தான். முடியெல்லாம் நரைத்து, வெள்ளைச் சட்டையில் பந்தலின் ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். "அன்னைக்கு இவன் ஷாட் அடிச்சு மிஸ் ஆகி உன் கைக்கு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று மலாயில் கேட்டேன்.

"ஷாட்டா?" என்றான் அவன். "ஓப்பர்லா." பாஸ்தான் என்கிறான். "என் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணப் பார்த்துட்டுத்தான் எறிஞ்சான். நான் இன்டர்நேஷனல்ல போட்டதுலயே நல்ல கோல் அதுதான். அவனே அதப் பத்தி எத்தனையோ தடவை என்கிட்ட பேசியிருக்கான்."

உன் மனைவி வந்து, "அண்ணே, சாப்பிட வாங்க" என்றார். நான் எழுந்து போய்விட்டேன்.

ஆக, உனக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. உன் பெயரில் விழுந்திருக்க வேண்டிய ஒரே எண்ணை, படுத்த படுக்கையில், நீயே உன் கையால் அழித்திருக்கிறாய். நான் நிம்மதியாக வீடு போக வேண்டும் என்று.

எனக்கு நன்றி வர வேண்டும். கொஞ்சம் வருகிறது. ஆனால் அதிகமாக வருவது பழையதுதான். உன் உயரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், சட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இரண்டும் வயதோடு தேய்ந்துவிட்டன. உன் இந்த மனசைப் பார்த்து வரும் பொறாமை மட்டும் தேயவில்லை. மறுபடியும் அந்த மேசையில் உட்கார வைத்தால் எழுதுவேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். அந்தக் கட்டிலில் நான் கிடந்து, நீ வந்து ஒப்புக்கொண்டிருந்தால், அந்தப் பொய்யை நான் உனக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.