சுவருக்கு மேலே அறுபது பேர்

மார்ச் 27, வியாழன்
சுவர் போயிற்று. சமையலறையில் நின்றால் ஹால் ஜன்னல், அதற்கப்பால் வேப்பமரம். பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைத்த காலம் முடிந்தது. கீழ் வீட்டில் இதே சுவரை எடுத்துப் பல வருஷமாகிறது, ஒன்றும் ஆகவில்லை. அதைக் காட்டித்தான் ஜெயந்தைச் சம்மதிக்க வைத்தேன். குடியிருப்பு சொஸைட்டியில் கேட்கவில்லை. கேட்டால் விடுவார்களா என்ன? குழந்தை இந்துஜா ஹால் முழுக்க சைக்கிள் ஓட்டுகிறாள்.

மார்ச் 30, ஞாயிறு
சீலிங்கில், சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு விரிசல். பெயின்ட்தான் என்கிறார் ஜெயந்த். பெயின்ட்தானா?

ஏப்ரல் 1, செவ்வாய்
பெயின்ட் இல்லை.

ஆபீஸ் ஸ்நேஹாவின் அண்ணன் அர்விந்த் கட்டட இன்ஜினியர். கெஞ்சிக் கூட்டி வந்தேன். அண்ணாந்து பார்த்தவர் ஸ்டூல் மேல் ஏறி விரிசலைத் தடவிப் பார்த்தார். இந்தப் பழைய கட்டடத்தில் தூண் கிடையாதாம், சுவர்கள்தான் தளத்தைத் தாங்குகின்றனவாம். கீழ் வீட்டுக்காரர்கள் இரும்பு பீம் போட்டு, அதை ஃபால்ஸ் சீலிங்கால் மறைத்திருக்கிறார்களாம். நாங்கள் அவர்கள் சீலிங்கின் அழகைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இரண்டு முட்டுக் கொடுத்துவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினார். அது உடைந்தால் தளம் இறங்குகிறது என்று அர்த்தம். பீம் வர அடுத்த வாரமாகும். "அதுவரைக்கும் மேல வெயிட் ஏறவே கூடாது. கூட்டம் கூடவே கூடாது" என்றார். மேல் வீட்டில் சொல்லிவிடச் சொன்னார். சொல்கிறோம் என்றோம், இரண்டு பேரும்.

ஏப்ரல் 2, புதன்
மேல் வீட்டு சரோஜ் ஆன்ட்டி லட்டு டப்பாவோடு வந்தார். கதவை முழுக்கத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். பேரன் பிறந்திருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஹாலில் மாதா கி சௌகி. அறுபது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பஜனை, டோலக், கைதட்டல். "ஜரூர் ஆனா, பேட்டா" என்று, கட்டாயம் வரச் சொல்லிக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அறுபது பேர்.

ஏப்ரல் 3, வியாழன்
சொல்லிவிடலாம் என்றேன். சொன்னால் புகார் போகும், ஃப்ளாட்டுக்கு சீல் வைப்பார்கள், குழந்தையோடு எங்கே போய் நிற்பது என்கிறார் ஜெயந்த். முட்டு இருக்கிறது, தாங்கும் என்கிறார். தாங்கும், தாங்கும். நம்ப எனக்கும் ஆசைதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தானே.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கண்ணாடி முழுசாக இருக்கிறது. தொடப் பயம்.

ஏப்ரல் 4, வெள்ளி
சாப்பிடும்போது ஜெயந்த் சொன்னார்: "நாளைக்கு சாயங்காலம் மூணு பேரும் கரோல் பாக் போகலாம். அங்கயே சாப்பிட்டுட்டு, பஜனை முடிஞ்சப்பறம் மெதுவா வரலாம்."

சரி என்றேன். இந்துஜாவின் நீல ஃபிராக்கை எடுத்து இஸ்திரி கூடப் போட்டேன். மடித்து வைக்கும்போதுதான் உறைத்தது. தாங்கும் என்கிறவர் எங்களை மட்டும் ஏன் வெளியே கூட்டிப் போகிறார்?

ஐயோ. அப்போ இவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் — நான் மட்டும் என்ன ஒழுங்கு? சரின்னுதானே சொன்னேன்?

ஏப்ரல் 5, சனி
காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். நடுப்படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறினேன். இத்தனை வருஷ டெல்லி இந்தியும் மறந்து போயிற்று. ஆன்ட்டி திட்டவில்லை. முதல் காரியமாக மருமகளையும் கைக்குழந்தையையும் கட்டடத்துக்கு வெளியே அனுப்பினார். சௌகியைப் பார்க்குக்கு மாற்றிவிட்டார்கள். சொஸைட்டி செகரட்டரி வந்து கத்திவிட்டுப் போனார். ஜெயந்த் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் பார்க்கிலிருந்து டோலக் கேட்டது. நாங்கள் எங்கேயும் போகவில்லை.

ஏப்ரல் 12, சனி
பீம் ஏறிவிட்டது. கண்ணாடி கடைசிவரை உடையவில்லை. "பாத்தியா?" என்றார் ஜெயந்த். கூட்டமே ஏறாத தளம் ஏன் இறங்கப் போகிறது?

சாயங்காலம் ஆன்ட்டி வந்தார். பீமைப் பார்த்தார், சோபாவில் உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு நான் வந்து சொல்லாமல் இருந்திருந்தால், சௌகி நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் எங்கே இருந்திருப்போம் என்று கேட்டார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். சொல்லாதே என்கிற மாதிரி ஜெயந்த் என்னைப் பார்த்தார்.

"கரோல் பாக்" என்றேன். "சாப்பிட."

ஆன்ட்டி தலையாட்டிக்கொண்டார். இந்துஜாவின் தலையைத் தடவிவிட்டு மாடியேறிப் போனார். டீயைத் தொடவில்லை.