கிளெனிஸ் மூச்சிழுத்தால்

பிப்ரவரி 3, திங்கள்

மழை. நாயைக் குளிப்பாட்டியாகிவிட்டது, இப்போது நாறுவது நான்தான்.

முன்னால் நின்று கையசைத்து எங்களைப் பாடவைக்கும் டெஸ்மண்டிடமிருந்து மின்னஞ்சல். எங்கள் பாட்டுக்குழுவுக்கு மார்ச் 8, லெம்ஸ்டர் தேவாலயத்தில் முழுநாள் பாட்டும் வாத்தியமும். வெனிஸ்காரர் ஒருவர் நானூறு வருஷத்துக்கு முன் எழுதியதாம். மூன்று குழு, ஆளுக்கொரு பக்கமாக நின்று, ஒன்று பாட இன்னொன்று பதில் பாட வேண்டும். ஒரு குரலுக்கு ஒரே ஆள். நான் மேலே மாடத்தில், முதல் குழு. என் தோழி கிளெனிஸ் கீழே பீடத்தருகே, மூன்றாம் குழு.

ஒரே ஆள்!

இங்கேயாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷமாக புதன்கிழமை தவறாமல் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடுகிறேன். நோட்டு மேலே போகிறதா கீழே போகிறதா என்பது தெரியும். எப்போது தொடங்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. மற்றவர்கள் பாடும்போது நாம் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் தாளத்தை எண்ண வேண்டும். நாலு எண்ணுவதற்குள் எனக்கு நாயின் மாத்திரை ஞாபகம் வந்துவிடும். அதனால் பக்கத்தில் நிற்கும் கிளெனிஸைக் கவனித்துக்கொண்டிருப்பேன். அவள் மூச்சிழுத்தால் நானும் இழுப்பேன். அவ்வளவுதான் என் சங்கீதம்.

பிப்ரவரி 5, புதன்

பயிற்சி முடிந்து நாற்காலி அடுக்கும்போது டெஸ்மண்டைப் பிடித்தேன். "எங்க ரெண்டு பேரையும் ஒரே குழுவுல போடக்கூடாதா?"

"உங்க ஃப்ரெண்டுதாங்க கேட்டாங்க, பிரிச்சுப் போடுங்கன்னு."

அவளேவா!

பிப்ரவரி 6

தெரிந்துவிட்டது அவளுக்கு. வேறென்ன?

பிப்ரவரி 19, புதன்

கிளெனிஸ் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். தூரப் பார்வைக்காம். வீட்டுக்கும் கடைக்கும் போகிறவளுக்கு எதற்குத் தூரப் பார்வை? நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாக இல்லை. காரில் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தோம். வானிலையைப் பற்றி! பிரசவ வலி வந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவள்.

ஒட்டுண்ணி என்று நினைத்திருப்பாளோ? அப்படியென்றால் நேரே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

மார்ச் 1, சனி

மேஜையில் கரண்டியால் தட்டித் தட்டி எண்ணிப் பார்க்கிறேன். உருளைக்கிழங்கு தீய்ந்துபோனது. கீத் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் பாடாத இடத்தைப் பழகறதுக்கா இந்தப் பாடு?" என்றார். புருஷனாக இல்லாவிட்டால் அடித்திருப்பேன்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? சொன்னால் கிளெனிஸ் சூப் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வருவாளா, இப்போதும்?

மார்ச் 8, சனி

தேவாலயத்துக்குள் வெளியைவிடக் குளிர். எல்லார் கையிலும் விரல் வெட்டிய கையுறை, பென்சில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தேநீர்க் குவளை. நடுவில் பீர்ப் பெட்டி மேல் ஏறி நின்ற டெஸ்மண்ட், "காதை நம்பாதீங்க. அந்தக் கோடியிலேர்ந்து சத்தம் லேட்டாத்தான் வரும். என் கையைப் பாருங்க, கையை மட்டும்" என்றார்.

நான் பார்த்தது கிளெனிஸின் பச்சைக் கம்பளிச் சட்டையை.

மதியம் வரை வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் பழைய காலத்து ட்ராம்போன் ஊதிய அலன், குழாயிலிருந்து எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டே, "உங்க பாட்டு எனக்குக் கேக்கவே இல்லியே ரோவீனா?" என்றார்.

"தொண்டை கட்டியிருக்கு."

"அப்ப வாயை எதுக்கு இவ்ளோ பெரிசாத் தொறக்கறீங்க?"

மூன்று மணிக்குக் கடைசி முறையாக முழுவதும் பாடினோம். முடிவுக்குச் சற்று முன் மூன்று குழுவும் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் முழு அமைதி. பிறகு எல்லோரும் ஒன்றாகப் பாட வேண்டும். எண்ணினேனா? இல்லை. பச்சைச் சட்டையைப் பார்த்தேன். தோள் ஏறியது. சத்தியமாக ஏறியது. தலையைத் தூக்கிப் பாடிவிட்டேன்.

யாருமே பாடவில்லை. இல்லை — பீடத்துப் பக்கமிருந்து இன்னொரு குரல், என்னோடு கூடவே, அதே தப்பான இடத்தில். அந்தப் பெரிய தேவாலயத்தில் எங்கள் இரண்டு குரல் மட்டும். சுருதி என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது.

டெஸ்மண்ட் கையை இறக்கினார். "யாரந்த ரெண்டு பேரு? தப்புப் பண்றதுக்குக்கூட ஒத்திகை பாத்துட்டு வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாடத்திலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

தேநீருக்கு இறங்கியபோது கிளெனிஸ் எலுமிச்சைக் கேக்கோடு எதிரே நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஏன்டி அந்த இடத்துல பாடினே?" என்றாள்.

"நீ மூச்சிழுத்தே. அதான்."

"நான் எங்க இழுத்தேன்? தும்மல் வந்துச்சு, அடக்கினேன்."

"சரி, நீ ஏன் பாடினே?"

கேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ முகவாயைத் தூக்கினே."

"என் முகவாயா?"

"நீ தூக்குவே, நான் பாட ஆரம்பிப்பேன். எப்பவும் அப்படித்தான். எத்தனை நாளைக்கு உன் முதுகுல தொத்திக்கிட்டே இருக்கறது? ஒரு நாளாவது தனியா நின்னு பாப்போம்னுதான் பிரிச்சுப் போடச் சொன்னேன். சொன்ன மறுவாரமே பயம் வந்துடுச்சு. ஓடிப்போய் கண்ணாடி வாங்கினேன், அங்கேர்ந்து உன் மூஞ்சி தெரியணும்னு."

பலிபீடத்துப் படியிலேயே உட்கார்ந்து, என் பதினோரு வருஷத்தையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "அப்ப இத்தனை வருஷமா யாருடி ஆல்டோ பாடினது?"

அவளுக்குக் கேக் புரையேறியது. எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்து, பிறகு அது வெறும் கண்ணீராகிவிட்டது. ஒரு மாதமாக இவளை இழந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேனே.

மார்ச் 9

தலைவலி. கேக் அதிகம்.

ஏப்ரல் 2, புதன்

பயிற்சி. முன்வரிசைதான் வேண்டும் என்று கிளெனிஸ் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் பார்க்கக்கூடாது என்று ஒப்பந்தம். கழுத்து திரும்பத் துடித்தது. இரண்டு இடத்தில் பிந்தினேன். ஒரு இடத்தில் அவள் பிந்தினாள், நான் சரியாகத் தொடங்கினேன். தனியாக!

திரும்பும்போது காரில் கேட்டேன்: "டெஸ்மண்டுக்கு இடது கைப் பழக்கம்னு உனக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றாள்.